வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

கணக்குத் தேர்வில் அறுபத்தெட்டு. அம்மா தாளில் கையெழுத்துப் போட்டாள், திட்டவில்லை. அதுதான் சரியில்லை. அறுபத்தெட்டுக்குத் திட்டாத அம்மா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் மடியில் மெர்சி அக்காவின் நைட்டி இருந்தது. கழுத்துப் பட்டியின் உள்பக்கம் சிவப்பு நூலால் அக்காவின் பெயரையும் நைனாவின் போன் நம்பரையும் தைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே ஐந்து துணி தைத்து மடித்து வைத்திருந்தாள். "எதுக்குமா?" என்றேன். "தொலஞ்சி பூடக் கூடாதுல்ல" என்றாள்.

துணியா, அக்காவா?

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. பேச்சு அதிகம் கிடையாது. ஆட்டிசம் என்று நான்கு வயதிலேயே சொல்லிவிட்டார்களாம். அம்மாவை விட்டு ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகளின் துணியில்தான் பெயர் தைப்பார்கள்.

இந்த நோட்டின் முன்பக்கம் சமூக அறிவியல். பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு மட்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அக்காவின் மாற்றுத்திறனாளி அட்டை பீரோவில் இல்லை. அவளுடைய புதிய பாஸ்போர்ட் போட்டோ கவர் இருக்கிறது. எப்போது எடுத்தார்கள்? நான் பள்ளியில் இருக்கும்போது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி முடித்து மிட்டாயோடு பத்து மணிக்கே வந்துவிட்டேன். வாசலில் தெரியாத செருப்பு. உள்ளே ஒரு அம்மா. பழவேற்காட்டுக்காரராம், பெயர் செல்லியம்மாள். அவர் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும்.

"நீ உள்ள பூடு மேரி. நீ நின்னுக்கினு இருந்தா அது எங்கூட வராது."

அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்த அம்மா அக்காவின் கையைத் தொடவில்லை. தன்பாட்டுக்கு முன்னால் நடந்தார். அக்கா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டாள். கடைக்காரர் சில்லறை கொடுத்தால்கூடக் கையை இழுத்துக்கொள்கிறவள்!

நான் பின்னால் ஓடப் பார்த்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அரைமணி நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா நின்றபடியே மோரைக் குடித்துவிட்டு, "அடுத்த வாட்டி ரெண்டு மணி நேரம். அப்பறம் முழு நாளு. அது பழகிக்கும், நீதான் பழகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதற்குப் பழக வேண்டும்?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எதிர்வீட்டில் இருந்த அந்தோணி அண்ணனும் அக்கா மாதிரிதான். நான் ஆறாவது படிக்கும்போது அவரைத் திருவாலங்காடு தாண்டி ஏதோ ஒரு ஹோமில் சேர்த்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை கூட்டி வந்தார்கள். மொட்டை அடித்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை, கேக்கைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் அவர்கள் ஓசூருக்குக் குடி போனார்கள். லாரியில் பீரோ, கட்டில், சைக்கிள், தொட்டிச் செடி எல்லாம் ஏறின. அந்தோணி அண்ணன் ஏறவில்லை.

ஜெபம் பண்ணும்போது அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு நோட்டு. நைனாவின் கையெழுத்தில் கோடு போட்டு, அம்மாவின் கையெழுத்தில் நிரப்பியது. மறந்துவிடாமல் இருக்க அப்படியே எழுதுகிறேன்.

"மெர்சி. குக்கர் விசில் ஆகாது. தட்டில் பச்சை நிறம் இருந்தால் சாப்பிட மாட்டாள். மாதவிலக்கைச் சொல்ல மாட்டாள், இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். பயந்தால் வலது கையைக் கடிப்பாள். கையைப் பிடிக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்."

பக்கத்தின் அடியில்: "ஒப்படைத்தவர்: ஆரோக்கியமேரி. பெற்றுக்கொண்டவர்:" அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அம்மாவின் முழுப் பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இன்னா கொடுமை இது. பெத்தவளே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாளா?

செப்டம்பர் 1, ஞாயிறு

மாதா கோயிலில் இருந்து வந்ததும் சந்திரமோகன் மாமா வந்தார். நைனாவோடு இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் மகனுக்கும் ஆட்டிசம்தான். நான் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"கம்பெனில எட்டு மணி நேரம் ஆனா ரிலீவர் வந்து நம்மள மாத்தி வுட்டுடறான். ஒனக்குப் பத்தொம்போது வருஷமா ரிலீவரே வர்ல. எத்தினி நாளு எட்வர்டு ஓவர் டைம் பாப்ப?"

நைனா குரலைத் தாழ்த்தி, "சின்னவளுக்கு இப்பத் தெரியக் கூடாதுப்பா. எல்லாம் முடிச்சிட்டுச் சொல்லிக்கலாம்" என்றார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனதும் கிரிக்கெட் பேச ஆரம்பித்தார்கள். நைனா கிரிக்கெட் பார்ப்பதே இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

டியூஷனில் செல்வி சொன்னாள்: "உங்க நைனா இன்னாடி மூடிக் கெடக்கிற பேக்கிங் கம்பெனிக்குப் பெயின்ட் அடிச்சிக்கினு இருக்காரு?" டியூஷனைப் பாதியில் விட்டுவிட்டு சைக்கிளில் போனேன். சிப்காட்டின் பின்பக்க ரோடு, ரயில் பாதை ஓரம். யாரும் இல்லை.

கதவுக்குப் புது நீலப் பெயின்ட். வெளிப்பக்கம், எம்பினாலும் எனக்கு எட்டாத உயரத்தில், புதுத் தாழ்ப்பாள். உள்ளே இருப்பவர்களால் திறக்க முடியாது. ஜன்னலில் கம்பி வலை. செங்கல் மேல் ஏறி நின்று பார்த்தேன். சுவர் ஓரமாகப் பாய்கள் சுருட்டி வைத்திருந்தன, பத்துப் பன்னிரண்டு இருக்கும். நடுவில் ஆள் உயரத்துக்குத் துணி மலை. பழைய துணி. சின்னப் பிள்ளைகளின் பனியன், ஜட்டி, ஷிம்மீஸ். பாதி துண்டு துண்டாக வெட்டிக் கிடந்தது. மேலே பெரிய கத்திரிக்கோல்.

அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கே?

வரும் வழியில் இரண்டு முறை செயின் கழன்றது. இரண்டாவது முறை மாட்டவில்லை. தள்ளிக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

செய்துவிட்டேன்.

அம்மா அக்காவைக் குளிப்பாட்ட நாற்பது நிமிடம் ஆகும். அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பாடப்புத்தகத்தின் பின்னட்டையில் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடச் சொல்லி ஒரு எண் இருக்கும். எழுத வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பெண் பேசினார். "பயப்படாம சொல்லு பாப்பா." நான் யோசித்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "எங்க அக்காவப் பூட்டி வைக்கப் போறாங்க, அங்க வேற பசங்க துணியெல்லாம் வெட்டிப் போட்டுக்கீது" என்று மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பேக்கிங் கம்பெனி ஷெட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பெயர் கேட்டார். வைத்துவிட்டேன். கூப்பிட்டதைப் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

என் நைனாவைப் போலீஸ் பிடிக்குமா? இதை ஏன் முன்னாலேயே யோசிக்கவில்லை?

செப்டம்பர் 11, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. அம்மா சுறாப் புட்டு செய்தாள். சாப்பிட முடியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

பள்ளி விட்டு வந்தால் வீடு முழுக்க ஆட்கள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆளாளுக்குப் பேசினார்கள். டீ போட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றும் என் தலையில் வந்து விழுந்தது.

அது ஹோம் இல்லை. பனியன் வேஸ்ட் யூனிட். பழைய துணியை மூட்டையாக வாங்கி, பட்டனும் கொக்கியும் பிரித்து, துண்டு போட்டுக் கட்டி, மெஷின் துடைக்கக் கம்பெனிகளுக்குக் கொடுப்பது. இங்கே துணி வேண்டாத கம்பெனியே கிடையாது. பதினோரு குடும்பம் சேர்ந்து ஆரம்பித்திருக்கிறார்கள். சில நாட்களாகச் சில பிள்ளைகள் வந்து பழகிக்கொண்டிருந்தார்களாம். எல்லா வீட்டிலும் அக்கா மாதிரி ஒருவர். பெரியவர்கள் வெள்ளை, கலர் என்று துணியைப் பிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாய். அம்மாக்கள் ஷிஃப்ட் போட்டு வருவார்கள்.

கண்டிப்பான விதி ஒன்று உண்டாம்: அவரவர் பிள்ளையை அவரவர் பார்க்கக் கூடாது. அடுத்தவர் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். பெற்றவளிடம் மட்டும் சாப்பிடுகிற பிள்ளை, பெற்றவள் போன பிறகு யாரிடம் சாப்பிடும்? அதற்காகத்தான் செல்லியம்மாள் அத்தை அக்காவைக் கூட்டிப் போய்ப் பழக்கினார். அந்த நோட்டு, கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது எழுதுகிற நோட்டைப் பார்த்து நைனா கோடு போட்டது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அன்றன்றைக்கு ஷிஃப்டுக்கு வருகிற அம்மா கையெழுத்துப் போடுவார். ஒரு நாளைக்கு. சாயங்காலம் வரைக்கும். அவ்வளவுதான்.

போனில் புகார் வந்ததென்று இன்று அதிகாரிகள் இரண்டு பேர் ஷெட்டுக்கு வந்திருக்கிறார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். பதிவு முடியவில்லை (அக்காவின் அட்டையும் போட்டோவும் அதற்குத்தான் போயிருக்கின்றன), ஆள் உயரத்துக்குப் பருத்தித் துணி, இருப்பது ஒரே கதவு, அதற்கு வெளியே தாழ்ப்பாள். "தீப்பிடிச்சா இந்தப் பசங்க எப்படிம்மா வெளிய வரும்?" என்று கேட்டிருக்கிறார் அந்த மேடம். பிள்ளைகள் ரயில் பாதைக்கு ஓடிவிடக் கூடாதே என்று சந்திரமோகன் மாமா போட்ட தாழ்ப்பாளாம் அது. எல்லாம் சரி செய்கிற வரைக்கும் மூடச் சொல்லிவிட்டார்கள்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்" என்றார் மாமா.

டீ என் காலில் கொட்டியது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாளா, டம்ளரைப் பார்த்தாளா?

செப்டம்பர் 15, ஞாயிறு

தாழ்ப்பாள் போட்ட அன்றே செல்லியம்மாள் அத்தை சண்டை போட்டாராம். எம் பொண்ண பூட்டி வெச்சா எங்க சொல்லணுமோ அங்க சொல்லுவேன் என்று எல்லோர் முன்னாலும் கத்தினாராம். அதனால் இன்று எங்கள் வீட்டில் வைத்து அவரைக் கேட்டார்கள்.

"ஏம்மா, நீதான சொன்ன?" என்றார் சந்திரமோகன் மாமா.

"சொன்னேன்யா. ஒன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். மறுக்கா சொல்றதுன்னாலும் மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லுவேன். போனுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு பேசறவ இல்ல நானு."

"அப்ப வேற யாரு? எங்க ஊட்டுப் பூனை போன் பண்ணிச்சா?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். அத்தை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியாக என் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தைக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை மூச்சுக்கு மூச்சு அக்கா, அக்கா என்று கூப்பிட்டவள்.

அத்தையின் மகள் சத்யாவுக்குப் பத்து வயது. ஜன்னல் கம்பியை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் கதவோரம்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

காலாண்டு விடுமுறை. அதனால் முழுவதும் பார்த்தேன். வியாழக்கிழமை, செல்லியம்மாள் அத்தை அக்காவைக் கூட்டிப் போக வந்துகொண்டிருந்த நாள். அக்காவுக்குக் கிழமை எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. ஒன்பது மணிக்கு வெளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு மணி வரை நின்றாள். பிறகு கையைக் கடித்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டில் அப்படித்தானே எழுதியிருந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

அம்மா இப்போதெல்லாம் போனை இடுப்பிலேயே செருகி வைத்திருக்கிறாள். அக்காவைக் குளிப்பாட்டும்போதுகூட.

அக்டோபர் 14, திங்கள்

தெரியும். இல்லை, தெரியாது. தெரிந்தால் அடித்திருப்பாளே. நேற்று "படிச்சியா?" என்று கேட்டபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. நைனாவுக்கும் தெரியுமா? அவர் என் தட்டில் தன் முட்டையை வைத்தார். எதற்கு? ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை.

"அம்மா, போன் பண்ணது நான்தான்."

"தெரியும்" என்றாள். கையில் இருந்த நைனாவின் சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள்.

மறுநாளே அந்த எண்ணிலிருந்து இரண்டு மிஸ்டு கால் வந்திருந்ததாம். திருப்பிக் கூப்பிட்டிருக்கிறாள். எந்த அலுவலகம் என்று பதிவு செய்த குரல் சொல்லியிருக்கிறது. பயந்துபோய் வைத்துவிட்டாள். அதிகாரிகள் வந்த அன்று எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்ப அத்தைய ஏம்மா திட்ட வுட்ட?"

"ஒன் பேரச் சொல்லச் சொல்றியா? எட்வர்டு பொண்ணே போட்டுக் குடுத்துச்சின்னு பதினோரு குடும்பமும் சொல்லும். அவ பழவேற்காட்டுக்காரி, அவ ஊருக்குப் பூடுவா. நீ எங்கடி போவ?"

தான் சொன்னது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஈரத் துணி மடியில்.

ஆரம்பத்திலேயே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் உதவிக்கு வந்து உட்கார்ந்துகொள்வேனாம், என் பத்தாவது படிப்பு கெட்டுப்போகுமாம். "எங்களுக்கப்பறம் மெர்சி ஒன் தலைல விழக் கூடாதுன்னுதான்டி இத்தயே ஆரம்பிச்சோம். ஒன்னாண்ட சொல்லி ஆரம்பிச்சா அன்னிக்கே விழுந்துடும்."

எனக்காகத்தான். எல்லாமே எனக்காகத்தான். அப்படியும் கோபம் வருகிறது. செல்லியம்மாள் அத்தைக்காக ஒருவரும் எதுவும் செய்யவில்லையே.

அக்டோபர் 27, ஞாயிறு

அக்காவை நைனாவிடம் விட்டுவிட்டு அம்மாவும் நானும் பொன்னேரி போய் பழவேற்காட்டுக்கு பஸ் மாறினோம்.

அத்தை வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். முழுவதும் சொன்னேன், செங்கல் மேல் ஏறிப் பார்த்தது வரைக்கும். அவர் கை நிற்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அம்மாவிடம்தான் கேட்டார்.

"ஒனக்கு எப்பத்லேர்ந்து தெரியும் மேரி?"

"அன்னிக்கே."

"என்னிய நிக்க வெச்சிக் கேட்டாங்களே, அப்பவும் தெரியும்?"

"தெரியும்க்கா."

அத்தை இன்னும் இரண்டு மூன்று இறால் உரித்துப் போட்டார்.

"ஒம் பொண்ண நீ காப்பாத்திக்கின. சரி. எம் பொண்ணு ஒரு மாசமா விடிஞ்சா சட்டைய மாட்டிக்கினு பஸ்ஸுக்குக் கெளம்பி நிக்குது. ஷெட்டு இல்லடி, நம்மள வாணான்ட்டாங்கன்னு அதுக்கு எப்பிடிச் சொல்றது? நீ வந்து சொல்றியா?"

அம்மா அழுதாள். அத்தை அழச் சொல்லவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது மட்டும் சொன்னார்: "எங்காண்ட சொல்லி இன்னாத்துக்கு ஆவும்? அன்னிக்குச் சிரிச்சாங்களே, அவங்காண்ட சொல்லச் சொல்லு. தாப்பா எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுக்கா. பின்னால இன்னொரு கதவு வைக்கிறாங்க."

"மொதல்ல அந்தக் கதவ வைங்க."

நவம்பர் 3, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பதினோரு குடும்பத்தில் ஒன்பது வந்திருந்தது. பாதியில் நைனா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்கு அம்மா நேற்றுதான் சொல்லியிருக்கிறாள்.

பிறகு அம்மாவும் எழுந்தாள். "எனக்குத் தெரிஞ்சே செல்லியம்மாக்கா மேல பழி போட வுட்டேன்" என்றாள்.

சந்திரமோகன் மாமா கேட்டார்: "பெத்தவன் மேலயே இவ்ளோ சந்தேகமா பாப்பா ஒனக்கு?"

"தாழ்ப்பாள் வெளிய இருந்துச்சு மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் மோட்டார் சைக்கிள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு நைனாவிடம், "பழவேற்காட்டுக்கு நானே போறேன். அன்னிக்குப் பூனையான்னு கேட்டது நான்தான்" என்றார்.

எல்லோரும் அப்படி இல்லை. ஒரு அம்மா இன்றைக்கு நான் கொடுத்த டீயை வாங்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

ஷெட் திறந்தாகிவிட்டது. இரண்டு கதவு. செல்லியம்மாள் அத்தை வந்தாராம். அக்கா ஓடிப்போய் அவர் முந்தானையை முகர்ந்து பார்த்தாளாம். அம்மாவிடம் அத்தை வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுகிறாராம்.

2025 ஜனவரி 25, சனி

சனிக்கிழமை காலை மட்டும் நான் ஷெட்டுக்குப் போகலாம் என்று அம்மா சம்மதித்துவிட்டாள். பத்து முதல் பன்னிரண்டு வரை இரண்டு மணி நேரம், கடிகாரம் பார்த்து. அதற்கு மேல் புத்தகம். விதி எனக்கும் உண்டு, அக்காவைப் பார்க்கக் கூடாது. போன மூன்று வாரமும் சந்திரமோகன் மாமாவின் மகனுக்குப் பட்டன் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று சொன்னால்தான் சரி.

செல்லியம்மாள் அத்தை இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சின்னப் பிள்ளைகளின் பாய்ப் பக்கம் இருந்தால் சத்யாவை வேறு யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் போவார்.

இன்று பாய் ஷிஃப்டுக்கு வர வேண்டிய அம்மாவுக்குக் காய்ச்சல். நான் மட்டும்தான். அத்தை சத்யாவோடு கதவருகில் நின்றார். பின்பக்கக் கதவைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. வரவில்லை. வெகுநேரம் நின்றார். கடைசியில் சோற்று டப்பாவை என் முன்னால் வைத்தார்.

"சோத்து மேல கொழம்பு ஊத்தாத. துப்பிடும். கிண்ணத்துல தனியா வை."

"சரி அத்தை" என்றேன்.

போய் மூட்டைகள் பக்கம் உட்கார்ந்து துணி வெட்ட ஆரம்பித்தார். மெர்சி அக்கா அவருக்குப் பக்கத்தில் வெள்ளையை வெள்ளையோடு போட்டுக்கொண்டிருந்தாள். சத்யா என் ஜடையைப் பிடித்து முனையை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். அத்தை திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பதினோரு மணிக்குள் நான்கு முறை பார்த்தார்.

அதற்குப் பிறகு பார்க்கவில்லை.